கேம்பர் வானில் நான்கு நாள்

2009 மே 21, வியாழன் காலை ஏழு பத்து. கமலரூபன் கதவைப் பூட்டும்போது வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. அவர் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

வாசலில், படுக்கவும் சமைக்கவும் இடமுள்ள ஹென்னிங்கின் கேம்பர் வான் நின்றது. டென்மார்க் தொழிற்சாலையில் கமலரூபனோடு வேலை செய்யும் டேனிஷ்காரன் அவன். விடுமுறைக்குக் கேஜன் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்கள் கடற்கரையில் கூடுகிறார்கள் என்று கமலரூபனையும் மனைவி யோகமலரையும் வற்புறுத்தி அழைத்திருந்தான்.

"ஏனப்பா எடுக்கேல்லை?" யோகமலர் கேட்டாள். "வன்னியில நிண்ட உங்கட தம்பியைப் பற்றி ஆரும் சொல்ல எடுத்திருப்பினம்."

"அதுதான் எடுக்கேல்லை. சண்டை முடிஞ்ச நாளிலயிருந்து செத்த ஆக்களைச் சொல்லத்தானே எல்லாரும் எடுக்கினம். வசீகரன் இல்லையெண்டதை நாலு நாள் கழிச்சுக் கேட்டால் என்ன?"

அவள் வானில் ஏறினாள்.

நான்கு நாளும் அக்கோர்டியனும் பிடிலும்தான். ஹென்னிங் பெரிய சட்டியில் இறாலும் சொசேஜும் போட்டுச் சோறு சமைத்தான்.

"இது எங்கட புரியாணிக்குத் தம்பி முறை" என்று கமலரூபன் டேனிஷில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிறு மாலை வீடு திரும்பியபோது தொலைபேசியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பதிவாகியிருந்தது ஒரே ஒரு செய்தி. வியாழன், ஏழு பத்து. யோகமலர் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணை, நான் வசீகரன். ஆமி அடைச்சு வைச்சிருக்கிற முகாமில ஒருத்தற்ற போனில ஒளிச்சு எடுக்கிறன். எனக்கு இந்த நம்பர் மட்டும்தான் பாடமாத் தெரியும். எங்களில கொஞ்சப் பேரை இப்ப பஸ்ஸில ஏத்தப்போகினமாம். எங்கயெண்டு சொல்லினமில்லை. இந்த நேரம் வீட்டிலதானே நிக்கிறியள்? எடுங்கோ அண்ணை."