காவலுக்கு அந்தோணியார்

"காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தர்ற புனிதராம்! என் போட்டையே தொலைச்சிட்டாரே!"

அந்தமானின் ஹேடோ கரையில் நின்று அந்தோணியாரைத் திட்டிக்கொண்டிருந்தான் அடைக்கலசாமி. திருவிழாவின் கடல் பவனிக்காக அவருடைய சுரூபச் சிலையை நேற்று மாலையே படகில் ஏற்றி வைத்திருந்தான். காலையில் வந்து பார்த்தால் படகைக் காணோம்.

"போட்டைக் கட்டினீங்களா, இல்லையா?" என்றாள் மனைவி சகாயசெல்வி.

"அவரே உள்ள இருக்காரு. பார்த்துக்க மாட்டாரா?"

அதற்குள் பக்கத்துப் படகுக்காரன் நெல்சன், காணாமல் போன படகைத் தன் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். "மேங்ரோவ் காட்டுல சிக்கிக் கிடந்துச்சு, அண்ணே!"

அந்தோணியார் கொஞ்சமும் சாயாமல் நின்றார். படகைக் கரையில் கட்டும் கயிறு, கழுத்திலிருந்து கால்வரை அவரைச் சுற்றியிருந்தது.

சகாயசெல்வி கணவனைப் பார்த்தாள். "காவல்காரரை இப்படிக் கட்டிப்போட்டா, அவரு எப்படிங்க போட்டைப் பிடிப்பாரு?"