இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்

"சார், நாம எழுதினதை வேற யாராவது சுட்டுட்டாங்களான்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?"

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்கார அம்மாள் கேட்ட ஒன்பதாவது கேள்வி இது. இலவசமாகப் படங்கள் எங்கே கிடைக்கும், எழுத்துப்பிழை பார்க்க எது நல்லது, எத்தனை பேர் படித்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று காலையிலிருந்தே துளைத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த மாஸ்டருக்கு அதில் அலுப்பில்லை, சந்தோஷம்தான். வலைப்பூ தொடங்குகிறவர்களுக்கான ஒரு நாள் வகுப்பு அது. பயிற்சி மையத்தை நடத்தும் அக்காவே கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பு நன்றாகப் போனால் மாஸ்டருக்கு இங்கே நிரந்தர வேலை. வேலைக்கு அலைந்தே செருப்புத் தேய்ந்தவருக்கு அது லேசான விஷயமா?

அக்கா அவரைக் கூப்பிட்டதே அவருடைய வலைப்பூவைப் படித்துத்தான். ஒரு குழந்தை கேட்கும் குறும்புக் கேள்விகளைப் பற்றி மாதம் ஒரு பதிவு போடுவார். படித்தவர்கள் எல்லாம் இன்னும் இன்னும் என்று கேட்டார்கள்.

"தாராளமா இருக்கும்மா!" என்றார் மாஸ்டர் உற்சாகமாக. "அதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. நாலு வரியைப் போட்டாப் போதும். அதே வரி எந்த மூலையில இருந்தாலும் பிடிச்சு இழுத்துட்டு வந்துடும். திருடன் தப்பவே முடியாது!"

"அப்படியா? எங்க, இந்த நாலு வரியைப் போட்டுக் காட்டுங்களேன்."

அம்மாள் நீட்டிய தாளை வாங்கி, சுவர்த்திரையில் எல்லோருக்கும் தெரியும்படி வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினார் மாஸ்டர்.

"'மழை பெஞ்சா மீன் நனையுமாம்மா என்று கேட்டாள். நனையும் என்றேன். அப்ப அதுக்கு யாரு...'"

விரல்கள் நின்றுவிட்டன. 'தலை துவட்டிவிடுவாங்க' என்று அடுத்து வரும். தாளைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் வலைப்பூவிலிருந்து அள்ளியது. அம்மாவை அப்பாவாக்கி, மகளை மகனாக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

தேள் கொட்டிய திருடன் போலக் கத்தவும் முடியாமல், மேசைக்கடியில் காலை நீட்டி ஒயரைத் தட்டிவிட்டார்.

"அடடா, நெட் போயிடுச்சு! எல்லாரும் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுங்க."

அக்கா உட்பட எல்லோரும் வெளியே போனார்கள். தையல்கார அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அது யாரு எழுதினதுன்னு புரிஞ்சுபோச்சுல்ல சார்?"

"தப்புதாம்மா. தயவுசெஞ்சு அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

"அது கிடக்கட்டும். என்னோடதுல எத்தனை எடுத்தீங்க?"

குற்றத்தைக் குறைத்துச் சொன்னால் தண்டனையும் குறையும் என்று நினைத்தார் மாஸ்டர். "ஒரு... இருபத்தஞ்சு இருக்கும்மா. நீங்க என் பக்கத்துல பாத்திருப்பீங்களே, அவ்வளவுதான்."

அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நம்பவில்லை போலிருக்கிறது. "சரி, நூறும்மா."

"அவளுக்கு முதல் பல்லு விழுந்தப்ப எழுதினது?"

"எடுத்தேன்."

"பள்ளிக்கூட வாசல்ல என் புடவையை விடமாட்டேன்னு அழுதது?"

"அதுவும்தான்."

"அவ கிறுக்கின படங்கள் போட்டிருந்தேனே?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுக்கிறார், நேரே வக்கீலிடம்தான் போகப்போகிறார் என்று தோன்றியது. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? உண்மையைச் சொல்லிவிடுவதே மேல்.

"மொத்தம் இருநூத்திப் பன்னண்டும்மா. படத்தோட சேர்த்து ஒண்ணு விடாம இறக்கி வெச்சிருக்கேன். மாசத்துக்கு ஒண்ணா போடலாம்னு பேராசை. இன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுடறேன், சத்தியமா!"

"ஐயையோ, அழிச்சுகிழிச்சுத் தொலைச்சுடாதீங்க!"

அம்மாள் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்களில் நீர் தளும்பியது.

"நான் எழுதிட்டிருந்த தளத்தைப் போன வருஷம் இழுத்து மூடிட்டாங்க சார். எனக்குப் பிரதி எடுத்து வெச்சுக்கத் தெரியல. அடுத்த மாசம் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு, எல்லாத்தையும் புத்தகமாக்கித் தரேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். உங்க பக்கத்துல பாத்தது போக மீதியும் உங்ககிட்ட இருக்குமான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வகுப்புலயே சேர்ந்தேன்" என்றவர், கைப்பையிலிருந்து புத்தம் புதிய பென்டிரைவ் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.