இடம் பிடித்த குடம்

அந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எஸ்தர் ஓர் ஓட்டைக் குடம் வைத்திருந்தாள். அடிபம்பு வரிசையில் இடம் பிடிக்க மட்டும்தான் அது. முறை வந்ததும் அதைத் தள்ளிவிட்டு நல்ல குடத்தை வைப்பாள்.

கட்டடத்தை இடிக்கப்போவதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு வீடாகக் காலியானது. வரிசையில் குடங்களும் குறைந்தன.

"பம்பண்ணே, இப்பல்லாம் வரிசை சீக்கிரமா நகருது!" என்றது ஓட்டைக் குடம்.



எஸ்தர் நல்ல குடத்தோடு லாரியில் ஏறிப் போனாள். பிறகு பொக்லைன் வந்தது. நாலு மாடியும் சரிந்தது.

புழுதி அடங்கியதும் குடம் பார்த்தது. முன்னால் யாருமில்லை. தள்ளிவிடவும் யாருமில்லை.

"அண்ணே, என் முறை வந்துடுச்சு. தண்ணி ஊத்துண்ணே."

"அடிக்க ஆள் வேணுமே" என்றது பம்பு.

"வருவாங்கண்ணே. எல்லாருக்கும் நான் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."