ஐந்தாவது ஆள்

"வீட்டு வேலை செய்யுறவங்க சார்" என்றாள் தங்கை.

உணவு உதவி அலுவலகத்திலிருந்து வந்தவருக்குத் தேநீரை நீட்டிய அக்காவின் கை அப்படியே நின்றது. மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள் என்று சொல்வதாகத்தான் நேற்று பேசி வைத்திருந்தார்கள். சலவைக்கூடத்தில் அக்கா வாங்கும் சம்பளமும் சேர்ந்தால் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிடும், அரிசியும் பால்மாவும் கிடைக்காது என்று தங்கையின் கணவனுக்குப் பயம்.

பதற்றத்தில் வாய் தவறியிருக்கும் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். அம்மா போன பிறகு இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளையாயிற்றே. வேலைக்காரியைப் போலவே சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றாள்.

வந்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. நாலு பேருக்கு உங்க வருமானம் கொஞ்சம் அதிகம். அஞ்சு பேரா இருந்தா கிடைச்சிருக்கும். ஆள் கூடக்கூட வரம்பும் கூடும்ல."

கணவனுக்கு முகம் வெளிறியது. இவள் என் மனைவியின் கூடப்பிறந்தவள், இங்கேதான் சாப்பிடுகிறாள், சம்பளம் இவ்வளவுதான் என்று மூச்சு விடாமல் கொட்டினான்.

அவர் திரும்பவும் கணக்குப் போட்டார். அக்காவின் சம்பளத்தைச் சேர்த்த பிறகும் தாராளமாக உள்ளே அடங்கியது.

ஆனாலும் பேனாவை மூடினார். இதைச் சொன்னதும் எல்லா வீட்டிலும் ஒரு அக்கா முளைத்துவிடுகிறாள் என்று சிரித்தார்.

தங்கை ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. கூடப்பிறந்தவள்தான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் கதவோரம் நின்ற சின்ன மகளைக் கிட்டே கூப்பிட்டு, அக்காவைக் காட்டி இது யார் என்று கேட்டார்.

குழந்தை அம்மாவை ஒருமுறை பார்த்தது. பிறகு, பள்ளிக்கூடப் பாட்டைப் போல இழுத்து, ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தது.

"வேலைக்காரம்மா. பாத்திரம் தேய்க்க வருவாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

அப்படி ஒப்பிக்க ஒரு நாள் பழக்கம் போதாது.

அக்கா தங்கையின் கைகளை மெல்ல விலக்கினாள். வந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை பொய் சொல்லுமாங்க?" என்றாள் அக்கா.