பதினெட்டு டிகிரி

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் அம்மா நோலீன் இறந்தபின் மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் கிளெனிஸ் வந்தாள். ஹீட் பம்ப் அறையைப் பதினெட்டு டிகிரிக்கு மேல் சூடாக்கவில்லை. பழுது பார்க்க டவிட்டா வந்தான்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. யாரோ பதினெட்டுல லாக் போட்டிருக்காங்க.”

“நான்தான்,” என்றாள் கிளெனிஸ், தரையைப் பார்த்தபடி. “போன குளிர்காலத்துல. அம்மா கரண்டை வீணாக்குறாங்கன்னு.”

அவன் லாக்கை எடுத்துவிட்டு மெஷினிலிருந்த பழைய பதிவுகளைப் பார்த்தான். “பாவம், தினமும் காலைல சூட்டைக் கூட்டப் பாத்திருக்காங்க. இன்னைக்கும் ஏழு மணிக்கு.”

“இன்னைக்கா? வீடு பூட்டியில்ல இருந்துச்சு?”

சுவரிலிருந்த, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மெல்ல ஒலித்தது. அதன் திரையில் பத்தொன்பது. பிறகு இருபது. யாரும் அதைத் தொடவில்லை. இருபத்திரண்டில் நின்றது.

டவிட்டா கருவிகளை எடுத்து வைத்தான். கிளெனிஸால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கியதும், அவள் எழுந்து வெளியே குளிரில் போய் நின்றாள்.