தொட்டியில் விழுந்தவன்

"இந்த மிஷின் சமாசாரமே வேண்டாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

நூலகத்துக்குள் நுழையும்போதே அந்தம்மா ஆரம்பித்துவிட்டாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர் அவள் கணவர். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது.

மின்நூல் பிரிவில் உட்கார்ந்திருந்த நூலகப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, பார்வையில்லாதவர்கள் கருவியில் கேட்டுப் படிக்க ஏற்றித் தருவது அவள் வேலை. வருகிறவர்கள் எல்லாம் வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். இந்தம்மா ஒருத்திதான் முதல் நாளிலிருந்தே முட்டுக்கட்டை.

"நான் படிச்சுக் காட்ட மாட்டேன்னு சொன்னேனா?" இதே பேச்சு. கண்ணில் புரை. ரெண்டு பக்கம் படித்தால் இருமல். ஆனாலும் வீம்பு விடவில்லை. புருஷன் தன்னை நம்பியே கிடக்க வேண்டும் என்று சில பேருக்கு ஒரு குணம் உண்டு, இதுவும் அந்த ரகம்தான் என்று நூலகப் பெண் முடிவே கட்டியிருந்தாள்.

"மேடம், ஒரு புகார்," என்றார் ஆபரேட்டர். "நான் கேட்டு வாங்கின புத்தகத்துல உங்க ஆளுங்க யாரோ விளையாடியிருக்காங்க."

"வாய்ப்பே இல்லை சார். அசலை வச்சு வரிக்கு வரி நானே ஒத்துப் பார்த்தேன்."

"விடுங்களேன், வீட்டுக்குப் போலாம்." அந்தம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இரு. கல்யாணமான புதுசுல இவ எனக்குப் படிச்ச முதல் புத்தகம் மேடம் அது. டியூட்டி முடிஞ்சு வருவேன். நாள் பூரா ஹெட்போன் மாட்டி காது ரெண்டும் கன்னிப்போயிருக்கும். ஒருத்தர் குரலும் வேண்டாம்னு இருக்கும், இவ குரலைத் தவிர. ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு விரலை எச்சில் பண்ணிப் பண்ணிப் பக்கம் திருப்புவா. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

அவர் முகம் இளகிப் போயிருந்தது. எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார் போலிருந்தது.

"அதுல ஒரு கஞ்சப் பிசினாறி தண்ணித் தொட்டியில விழுவான். அந்த இடம் வந்தா எனக்கு வயிறு வலிச்சுப்போகும். பிள்ளைங்க பிறந்து, அதுங்களும் சுத்தி உக்காந்து சிரிச்சிருக்கு. எத்தனை தடவை படிச்சாலும் 'தொட்டி வருது, தொட்டி வருது'ன்னு காத்துக்கிட்டிருப்போம்."

"சரி சார், இப்ப அதுல என்ன பிரச்சினை?"

"உங்க மிஷின்ல விழுறது கஞ்சன் இல்ல. ஒரு குருட்டுக் கபோதி." குரல் தடித்தது. "தடவித் தடவி வந்து விழுறானாம், ஊரே கை கொட்டுதாம். இப்படி மாத்தி எழுத யாருக்கு மனசு வந்தது? மேலிடத்துல எழுதிக் கொடுக்கப் போறேன். சரிபார்த்தவங்க யாரோ, அவங்களை வேலையை விட்டுத் தூக்கணும்."

நூலகப் பெண்ணுக்கு ஒப்பந்த வேலை. ஒரு புகார் போனால் போதும், சீட்டுக் கிழிந்துவிடும். விறுவிறுவென்று எழுந்து போய் அசல் புத்தகத்தை எடுத்து வந்தாள். அந்தப் பக்கத்தைப் பிரித்து அந்தம்மா முன்னால் வைத்தாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க சார். உங்க வீட்டம்மாவே படிக்கட்டும். அவங்க சொன்னா நம்புவீங்க இல்ல?"

"அவ சொன்னா அப்பீலே கிடையாது."

அந்தம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பக்கத்தின் மேல் விரலை வைத்து, மெல்லப் படிக்க ஆரம்பித்தாள்.

"தெருமுனையில்... கஞ்சன் வந்துகொண்டிருந்தான். பைக்குள் விட்ட கையை எடுக்காமலே நடந்ததால் தொட்டியைக் கவனிக்கவில்லை. தொபுக்கென்று விழுந்தான். ஊரே கை கொட்டிச் சிரித்தது."

நூலகப் பெண் குனிந்து பார்த்தாள். அந்த விரலுக்குக் கீழே அச்சில் இருந்தவன் குருட்டுக் கபோதிதான். அந்தப் பக்கத்தில் கஞ்சன் என்று ஒருவனே கிடையாது.

அந்தம்மா நிமிர்ந்தாள். கண் கெஞ்சியது.

கருவியை எதற்கு அப்படி வெறுத்தாள் என்பது நூலகப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை புத்தகங்களில் இப்படி ஆள் மாற்றினாளோ, பாவம்.

"மன்னிச்சுக்கங்க சார்." புத்தகத்தை மூடினாள். "தப்பு என் பேர்லதான். சரி பண்ணிடறேன்."

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே," என்றார் ஆபரேட்டர். "சரி, ஒத்துக்கிட்டீங்க. புகார் எல்லாம் வேண்டாம், போகட்டும்." மனைவி பக்கம் திரும்பினார். "வண்டி ஏதாவது நிக்குதான்னு வாசல்ல பாரேன்."

அவள் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை காது கொடுத்து நின்றார். பிறகு மேஜையைத் தடவி நூலகப் பெண்ணின் பக்கமாகச் சாய்ந்தார்.

"மேடம், ஒரு எழுத்தையும் மாத்திடாதீங்க. புத்தகம் சரியாத்தான் இருக்கு."

"சார், உங்களுக்கு எப்படி..."

"குரலைக் கேட்டே பொழப்பை ஓட்டினவன் நான். அந்தக் கஞ்சன் வர்றதுக்கு முன்னாடி மட்டும் அவ ஒரு மூச்சு நிறுத்துவா. சிரிப்பை அடக்கறான்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கும் நிறுத்தினா. இன்னைக்குச் சிரிப்பு எங்க வந்துது?" வாசல் பக்கம் மறுபடி காது கொடுத்தார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. மத்த புத்தகமெல்லாம் மிஷின்ல கேட்டுக்கறேன். தொட்டியில விழுற இடத்தை மட்டும் அவளே படிக்கட்டும்."

"சரி சார்."

"சாயங்காலம் படிக்கச் சொல்லப் போறேன். நான் பழையபடி சிரிச்சாகணும் மேடம். அவ புத்தகத்தைப் பார்க்க மாட்டா, என் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருப்பா."