ஐஸ் பெட்டி

"பெட்டி இருக்குதா இல்லியா? அதச் சொல்லு தம்பி."

காலனி மன்றத்து வாசலில் நின்றுகொண்டு லியோ பிரகாஷ் கேட்டார். ஊர்த் தேவாலயத்துப் பங்குப் பேரவைத் தலைவர். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் தாமஸை 'டேய்' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்.

"இருக்குது. தொடச்சி, கரண்ட்டு போட்டுப் பாத்து வச்சிருக்கேன்."

காலையில் லியோவின் அப்பா இறந்துவிட்டார். பாரிசிலிருந்து தம்பி நாளை மதியம்தான் வந்து சேருவான். ஊர்ச் சங்கத்து ஐஸ் பெட்டி பதினொரு மணிக்கே நின்றுபோனது. பாகூர், வில்லியனூர் எங்கு கேட்டும் கிடைக்கவில்லை. சித்திரை வெயில். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். ஊர்ப் பெட்டியைக் காலனிச் சாவுக்குத் தரமாட்டோம் என்றதால், கரும்பு வெட்டிய கூலியில் காலனிக்காரர்கள் வாங்கியது.

"குடு தம்பி. வாடகை எவ்ளோன்னாலும்..."

"வாடகை வேணாம். எங்க சாவு இனிமே வயக்காட்டு வரப்புல போவாது. கோயில் தெரு வழியா போவும். சரின்னு சொல்லுங்க."

"அதுக்கா இது நேரம்?"

"எங்க சித்தப்பா பொணத்த மறிச்சி சேத்துல திருப்பி வுட்டீங்களே, அது மட்டும் நேரமா?"

தாமஸின் போன் அடித்தது. பார்த்தான். எடுக்கவில்லை.

லியோ எட்டிப் பார்த்தார். "யாரு? வேற எவனாவது பெட்டி கேக்கறானா?"

"அத வுடுங்க."

"பேரவையில பேசி, அடுத்த மாசம்..."

"பேசுங்க. பெட்டியும் அடுத்த மாசம் வரும்."

இப்போது லியோவின் போன். மனைவி. "இன்னாங்க பண்றீங்க? மூக்குல தண்ணி வடியுது, ஈ மொய்க்குது. நாளைக்கு வரைக்கும் தாங்காதுங்க!"

லியோ கண்களைத் துடைத்துக்கொண்டார். "இப்ப இன்னாடா செய்யணும் நானு?"

"பங்கு வாட்ஸப் குரூப்புல உங்க வாயால சொல்லுங்க. இன்னியிலேருந்துன்னு சொல்லுங்க."

லியோ போனை வாயருகே பிடித்தார்.

"பேரவைத் தலைவர் லியோ பிரகாஷ் பேசறேன். இன்னியிலேருந்து காலனி சாவு கோயில் தெரு வழியா போவும். எவனும் மறிக்கக் கூடாது."

தாமஸ் தன் போனில் அதை முழுசாகக் கேட்டான். பிறகு தலையசைத்தான். நான்கு பேர் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி கிளம்பியதும் லியோவுக்குக் கோபம் திரும்பியது. "இன்னிக்கே எவன் சாவப்போறான்னு இவ்ளோ அவசரம் உனக்கு?"

தாமஸின் போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தான்.

"ஆம்புலன்ஸ் ஏம்பலம் தாண்டிட்டுதாண்ணே? ... பெட்டி இல்ல, குடுத்துட்டேன். அம்மாவ சாயந்தரமே எடுத்துடலாம், கோயில் தெரு வழியா. குவைத்துலேருந்து தங்கச்சி நாளைக்குத்தான் வருவா... போன்லயே மூஞ்சி பாத்துக்கட்டும்."